அலுமாரிக்குப் பின்னால் ஒரு கந்தோர்

றொஷேலின் அம்மா பிறின்சிக்கு வேலை கிடைத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. வேலை கொழும்பில். அம்மா இருந்ததோ ஓலைத்தொடுவாய் என்ற கடற்கரை ஊரில், வீட்டு அலுமாரிக்குப் பின்னால்.

இணையத்தில் சாமான் விற்கும் கம்பனி அது. தமிழ் பேசும் ஆட்கள் தொலைபேசியில் அழைத்து, "றைஸ் குக்கர் இன்னும் வரேல்லை" என்று முறையிடுவார்கள். அம்மா வீட்டிலிருந்தே பொறுமையாகப் பதில் சொல்வார்.

அதற்காக அப்பா அலுமாரியைத் திருப்பி வைத்து அறையில் ஒரு மூலையை மறைத்துக் கொடுத்தார். சாப்பாட்டு மேசை உள்ளே போனது. கதிரை உயரம் போதாததால் அதன்மேல் இரண்டு தலையணைகள் ஏறின. சேமித்த பத்தாயிரம் ரூபாயில் ஹெட்போனும் டேட்டாவும் வாங்கியதும் காசு சேர்க்கும் தகரப் பேணியில் மிஞ்சியது எழுநூறு ரூபாய்தான். கதவுக்குக் காசு இல்லை. பழைய சீலை ஒன்றைத் தொங்கவிட்டார்கள்.

சீலை பாவம், என்ன செய்யும்? அதை யாரும் விலக்கலாம். எல்லோரும் விலக்கினார்கள்.

முதல் வாரம் பக்கத்து வீட்டு மாக்கிறட் அன்ரி தலையை நீட்டி, "பிறின்சி, நண்டுக் கறிக்குப் போட முருங்கை இலை இருக்கோ?" என்று கேட்டார். அழைப்பில் இருந்த மட்டக்களப்புக்காரர் றைஸ் குக்கரை மறந்துவிட்டார். "முருங்கை இலை போட்டாத்தான் நண்டு ருசி" என்று அவரும் கதையில் சேர்ந்துகொண்டார்.

இரண்டாம் வாரம் முன்வீட்டுச் செல்வராசா மாமா ஒரு படிவத்தோடு வந்தார். "பிள்ளை, இதை நிரப்பித் தாறியோ? ஒரு நிமிசம்தான்."

ஊரில் எல்லோருக்கும் படிவம் நிரப்பிக் கொடுப்பவர் அம்மாதான். வீட்டில் இருப்பவர் சும்மா இருப்பவர் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

கம்பனி மேலாளர் றஞ்சிதா மிஸ் அம்மாவின் அழைப்புகளை எல்லாம் கேட்பார். திங்கட்கிழமை அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "இன்னொருக்கா ஆக்களின்ர சத்தம் கேட்டா உங்களை வேலையில வச்சிருக்கேலாது. வெள்ளிக்கிழமை முடிவு சொல்லுறன்."

அன்று மாலை அப்பா றொட்னி மீன் வலையை வைத்துவிட்டு வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தார்.

"பலகை அடிச்சு ஒரு கதவு போடுவம். முப்பதாயிரம் முடியும். உம்மட சங்கிலியை அடகு வைப்பமே?"

"வேலையே இன்னும் நிச்சயமில்லை, அதுக்குள்ள கடனோ?" என்றார் அம்மா. ஆனால் அவருடைய கை கழுத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் இருந்த தங்கம் அது ஒன்றுதான்.

றொஷேல் அந்தச் சங்கிலியையே பார்த்தாள். வேலையும் போய்ச் சங்கிலியும் போய்விட்டால்?

வருகிறவர்களிடம் அவள் சொல்லாமலும் இல்லை. "அம்மா வேலை செய்யிறா" என்பாள். "ஓம் ஓம், ஒரு சொல்லுத்தான்" என்று சீலையை விலக்கிவிடுவார்கள். கோபிக்கவும் முடியாது. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி கொண்டுவந்தவரே மாக்கிறட் அன்ரிதான்.

மறுநாள் மாக்கிறட் அன்ரி மடிப்புக் கலையாத சேலையும் கைப்பையுமாக வந்துகொண்டிருந்தார்.

"எங்க அன்ரி போயிட்டு வாறீங்கள்?"

"டி.எஸ். கந்தோருக்கு. அரசாங்க அலுவலகமெல்லோ, ரெண்டு மணித்தியாலம் வாய் திறக்காமல் இருந்தனான்."

"நீங்களோ?" றொஷேலால் நம்ப முடியவில்லை.

"கந்தோரில சத்தம் போடேலுமோ பிள்ளை?"

றொஷேல் வீட்டுக்கு ஓடினாள். பள்ளிக்கூட விடுமுறை என்பதால் நேரம் நிறைய இருந்தது. ஒரு மட்டையை வெட்டிப் பெரிய எழுத்தில் எழுதினாள்:

கந்தோர்
காலை 8 முதல் மாலை 4 வரை
ஊர் அலுவல்கள் 4 மணிக்குப் பிறகு

மட்டையை விறாந்தையில் கட்டினாள். கீழே மூன்று கதிரைகளைப் போட்டாள். ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு காவலுக்கு இருந்தாள்.

புதன்கிழமை காலை மாக்கிறட் அன்ரிதான் முதலில் வந்தார்.

"அம்மா எங்க?"

"கந்தோரில."

"எந்தக் கந்தோரில?"

றொஷேல் மட்டையைக் காட்டினாள். அன்ரி அதை இரண்டு தரம் வாசித்தார். கலைந்த தலைமயிரைக் கையால் ஒதுக்கிக்கொண்டார். பிறகு வந்த குரல் அவருடையதுதானா என்று சந்தேகம் வரும் அளவுக்கு மெல்லியதாக இருந்தது.

"நம்பர் தருவியோ?"

அதை றொஷேல் யோசித்திருக்கவில்லை. ஆனாலும் கொப்பியில் ஒரு துண்டு கிழித்து '1' என்று எழுதிக் கொடுத்தாள்.

"அப்ப நான்தான் முதலாவது," என்று அன்ரி சந்தோசமாகக் கதிரையில் இருந்துவிட்டார்.

செல்வராசா மாமா இரண்டாவது. அவருடைய படிவத்தில் பெயரையும் முகவரியையும் றொஷேலே அழகாக நிரப்பிக் கொடுத்தாள். மிச்சத்தை அம்மா நாலு மணிக்குப் பார்த்தார். வியாழக்கிழமை வாசல் படலையடியில் ஒரு கழுதை வந்து நின்று வாயைத் திறக்கப் பார்த்தது. மாமா எழுந்து ஓடிப்போய் அதைத் துரத்தினார். மோட்டார் சைக்கிளில் வந்த மீன்காரரை மாக்கிறட் அன்ரி தெருமுனையிலேயே மறித்தார். "கந்தோருக்கு முன்னால ஹோன் அடிக்கிறதோ?" என்று இரகசியமாக ஏசினார்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் உள்ளே தொலைபேசி அடித்தது. விறாந்தையில் இருந்த நாலு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். நாலாவது ஆள் அப்பா. அவருக்கு இருக்கக் கதிரை இல்லை.

"மூண்டு நாளா ஒரு சத்தமும் இல்லை," என்றார் றஞ்சிதா மிஸ். "தனியா ஒரு கந்தோர் எடுத்திட்டீங்களோ? வாடகை எவ்வளவு?"

"வாடகை இல்லை மிஸ். என்ர மகள் எடுத்துத் தந்தவ," என்றார் அம்மா.

சற்று நேரத்தில் சீலை விலகியது. அம்மாவின் கண் கலங்கியிருந்தது, முகம் சிரித்தது. "வேலை நிரந்தரமாம்," என்று மெல்லச் சொன்னார். அதற்குள் அடுத்த அழைப்பு வர, உள்ளே போய்விட்டார்.

றொஷேலுக்கு அப்பாடா என்றிருந்தது. அப்பா அவளுடைய தலையைத் தடவி, "சங்கிலி தப்பினது," என்றார்.

மாக்கிறட் அன்ரி கை தட்டுவதற்கு இரண்டு கைகளையும் தூக்கினார். அப்படியே நிறுத்தி மணிக்கூட்டைப் பார்த்தார். நாலு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

பத்து நிமிடமும் நாலு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபடி இருந்தார்கள். நாலு மணி ஆனதும் அவர்கள் தட்டிய கைதட்டல் கடற்கரை வரை கேட்டது.