பன்னிரண்டு பேரின் சராசரி

"புதன்கிழமை ஆராய்ச்சிக்காரர் எங்கடை பள்ளிக்கூடத்தை அளக்க வருகினம்" என்று அற்புதராணி ரீச்சர் சொன்னதும், நான் சுவரைத்தான் பார்த்தேன்.

"சுவரையில்லை, தயாளினி. உங்களைத்தான்!" என்று ரீச்சர் சிரித்தார். "ஆறு பள்ளிக்கூடத்து ஏழாம் வகுப்புகளுக்கும் ஒரே கணக்குச் சோதினை. ஒவ்வொரு வகுப்பின்ரை சராசரியையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பார்ப்பினம். ஆருக்கு என்ன உதவி தேவை எண்டு அறியிறதுக்குத்தான். பயப்பிடாதேங்கோ."

உதவி என்ற சொல் ஒருவர் காதிலும் விழவில்லை. ஆறு பள்ளிக்கூடம் என்பது மட்டும் எல்லோருடைய காதிலும் விழுந்தது.

இடைவேளையில் வகுப்புத் தலைவன் கஜானன் வெண்கட்டியை எடுத்தான். எங்கள் போன தவணைப் புள்ளிகளைக் கரும்பலகையில் எழுதிக் கூட்டினான், பிரித்தான்.

"பன்னிரண்டு பேருக்கும் சேர்த்துச் சராசரி ஐம்பத்தெட்டு. ஒராளை விட்டால் அறுபத்திரண்டு!"

அந்த ஒராள் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் லக்சனைப் பார்த்தோம்.

போன தவணை அவனுக்குப் பதினான்கு புள்ளி. கேள்வியை வாயால் சொன்னால் விடையை உடனே சொல்லிவிடுவான். ஆனால் தாளில் இருக்கும் எழுத்துகளை வாசிக்க அவனுக்கு நெடுநேரம் பிடிக்கும். இரண்டாம் கேள்வியில் நிற்கும்போதே மணி அடித்துவிடும்.

"மச்சான், புதன்கிழமை உனக்குக் காய்ச்சல் வந்தால் நல்லம்" என்றான் கஜானன்.

"வரும், வரும். வயித்துக்குத்தும் சேர்ந்து வரும்" என்று லக்சன் சிரித்தான்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் குனிந்து, செருப்பில் ஒட்டியிருந்த செம்மண்ணை விரலால் சுரண்டிக்கொண்டிருந்தான். சுரண்டிச் சுரண்டி, மண் போன பிறகும் சுரண்டினான்.

அந்தச் சிரிப்பு என்னோடு வீட்டுக்கும் வந்தது. கணக்குக் கொப்பியைத் திறந்தேன். பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கும் கணக்கு, பக்கம் முழுக்கச் சரி. இதை எனக்கு விளங்கப்படுத்தியது யார்? லக்சன்தான். அவர்களுடைய தோட்டத்துப் பாத்திகளைக் காட்டி, அரைப் பாத்தியில் எத்தனை கால் பாத்தி இருக்கிறது என்று கேட்டே விளங்க வைத்தான். நான் அதற்கு ஒரு நல்ல வார்த்தைகூடச் சொன்னதில்லை.

எனக்கு மட்டும்தானா அப்படி?

செவ்வாய்க்கிழமை ஒரு தாளை எடுத்துக்கொண்டு நானும் அளக்கப் புறப்பட்டேன். ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி.

"உனக்கு விளங்காத கணக்கைக் கடைசியாய் விளங்கப்படுத்தினது ஆர்?"

"உவன் லக்சன்தான். ஏன் கேக்கிறாய்?" என்றாள் பத்மாசினி. ஒரு கோடு போட்டேன்.

"ரீச்சர்" என்றான் சிவகரன். தலையைச் சொறிந்தான். "ரீச்சர் சொன்னது விளங்கேல்லை. பிறகு லக்சன் சொன்னவன். அவனுக்கே போடு."

நாலு கோடு போட்டு, ஐந்தாவதைக் குறுக்கே போட்டேன். கடைசியாகக் கஜானனிடம் போனேன்.

"எனக்கு ரியூசன்" என்றான்.

"கரும்பலகையில சராசரி கண்டியே, அதுவும் ரியூசனிலையோ?"

அவன் கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தான். "அது... லக்சன் அஞ்சு வெங்காயப் பிடியை எடுத்து வைச்சவன். பெரிய பிடியில இருந்து எடுத்துச் சின்னனுக்குப் போட்டு, அஞ்சையும் ஒரே அளவாக்கினவன். இதுதான் சராசரி எண்டவன்." குரல் இறங்கியது. "அவன் சொல்லித் தந்ததை வைச்சே அவனை வர வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன், என்ன?"

லக்சன் பக்கத்தில் இன்னொரு கோடு போட்டேன்.

பின்னேரம் நானும் கஜானனும் லக்சனின் தோட்டத்துக்குப் போனோம். அவன் மண்வெட்டியால் வரம்பை வெட்டி, வெங்காயப் பாத்திகளுக்கு ஒவ்வொன்றாய்த் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றான். நான் தாளை நீட்டினேன். எழுத்தைக் கண்டதும் அவன் முகம் சுருங்கியது.

"வாசிக்கத் தேவையில்லை. எண்ணு" என்றேன்.

கோடுகளை ஒரு பார்வையில் எண்ணிவிட்டான். "ஒரு பக்கத்தில ஒன்பது, மற்றப் பக்கத்தில ரெண்டு. என்ன உது?"

"ரெண்டு, ரீச்சராலை விளங்கின ஆக்கள். ஒன்பது, உன்னாலை விளங்கின ஆக்கள். அதில முதல் கோடு என்ரை."

அவன் திரும்பவும் எண்ணினான். இந்த முறை மெதுவாக, ஒவ்வொரு கோட்டையும் விரலால் தொட்டுத் தொட்டு.

"நான் வந்தால் சராசரி குறையுமெல்லோ?" என்றான் கடைசியில்.

"குறையட்டும்" என்றான் கஜானன். "நீ இல்லாட்டி எனக்குச் சராசரி எண்டால் என்னெண்டே தெரியாது. காய்ச்சல் கீச்சல் எண்டு வீட்டில நிண்டியோ, தூக்கிக்கொண்டு போவன்!"

சொல்லிவிட்டு வெட்கத்தில் லக்சனின் மண்வெட்டியைப் பிடுங்கினான். தண்ணீரை ஏற்கெனவே நிரம்பியிருந்த பாத்திக்கே திருப்பினான். வரம்பு உடைந்து, முழங்கால்வரை சேறாகி நின்றான்.

"தலைவர், அந்தப் பாத்தி குடிச்சு முடிச்சிட்டுது!" என்று லக்சன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். இந்தச் சிரிப்பில் என்னாலும் சேர முடிந்தது.

புதன்கிழமை காலை நான் ரீச்சரிடம் போய், லக்சனுக்குக் கேள்விகளை யாராவது வாசித்துக் காட்டலாமா என்று கேட்டேன். தாளையும் காட்டினேன். ரீச்சர் இரண்டு பக்கத்துக் கோடுகளையும் எண்ணினார்.

"எனக்கு ரெண்டு பேர்தானோ?" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை நான் எப்பவோ கேட்டிருக்க வேணும், பிள்ளை. நீ கேட்டது நல்லதாய்ப் போச்சு."

ஆராய்ச்சிக்கு வந்த அக்காவிடம் அவரே போய்ப் பேசினார். அந்த அக்கா தலையாட்டி, லக்சனுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். பிறகு வகுப்பைப் பார்த்துக் கேட்டார்.

"ஏழாம் வகுப்பு. எத்தனை பேர் எழுதுறீங்கள்?"

கஜானன் எழும்பினான். அவன் வாயைத் திறக்கமுன்னமே வகுப்பு முழுவதும் கத்தியது.

"பன்னிரண்டு பேர்!"

அதில் ஆகப் பெரிய சத்தம் லக்சனுடையது.