ஏணியைத் தள்ளியது யார்?

போலீஸ் நாயைக் கொண்டுவந்தால் நேராக என் முந்தானையைத்தான் மோந்து பார்க்கும்...

சுலோச்சனா நினைத்துக்கொண்டாள். கையில் ஊருக்குக் கொடுக்க வைத்திருந்த லட்டுத் தட்டு.

அந்த நினைப்புக்குக் காரணம், சற்றுமுன் அலறிய டெலிபோன்.

உத்திரமேரூரில் ஓட்டு எண்ணி முடிந்து திரும்பும் வழியில், சாலவாக்கத்திலிருந்து ஏஜென்ட் கன்னியப்பன் பேசினான். பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலில் அவள் கணவர் வீராசாமிக்கே அத்தனை ஓட்டும்.

ஒன்றைத் தவிர.

"எவன் அந்த ஒருத்தன்?"

வீராசாமி கழுத்து மாலையைக்கூடக் கழற்றாமல், ஊர் கூடியிருந்த வாசலுக்குப் பாய்ந்தார்.

சாலவாக்கத்துக்கு அப்பால் இருந்த அந்த ஊரில் கொடி இரண்டு பறந்தாலும் ஓட்டு ஒரே பக்கம்தான். வீராசாமி எந்தப் பக்கம் திரும்பி வெற்றிலை துப்புகிறாரோ, அந்தப் பக்கம்.

இந்த 1986 தேர்தலில் அவரே நின்றார். எதிர்க்க ஆள் இல்லை. போட்டியில்லாமல் ஜெயித்தால் கௌரவமா? சைக்கிள் கடை ஐசக்குக்கு அவரே டெபாசிட் கட்டி நிறுத்தினார். இவருக்கு ஏணிச் சின்னம். ஐசக்குக்குப் பூட்டு.

"ஐசக்கு, நீயாடா?"

"ஏணிக்குத்தான் போடுவன்னு அன்னிக்கே சொன்னேனே ஐயா."

"அப்ப வேற எவனோ. சூடம் அடிங்க எல்லாரும்."

எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, சத்தியம் செய்ய வேண்டும். அந்த ஊரில் அதற்கு மேல் கோர்ட் கிடையாது.

"மாட்னவனுக்கு நாளைலேர்ந்து என் கழனில வேல இல்ல. என் பொண்டாட்டியா இருந்தாலும் ஐயங்கார்குளம் பஸ்ல ஏத்தி வுட்ருவேன்."

ஐயங்கார்குளம் அவள் பிறந்த வீடு. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அண்ணி இருந்தாள். அதைவிட ஜெயில் மேல்.

ஏன் செய்தேன்?

அவளுக்கே தெரியவில்லை. ஓட்டுச்சாவடியில் அந்த அட்டை மறைப்புக்குப் பின்னால் நின்றபோது, கல்யாணமானதிலிருந்து முதல்முறையாக அவள் கையை யாரும் பார்க்கவில்லை. உப்பு அதிகம் என்று சொல்ல ஆள் இல்லை. முத்திரை தானாகப் பூட்டின்மேல் இறங்கியது. பத்து விநாடி. அந்தப் பத்து விநாடியும் அவள் யாருக்கும் மனைவியாக இல்லை.

"இன்னா செங்கேணி, முழிக்கிற?"

நடவுக்காரி செங்கேணி முன்னால் நின்றிருந்தாள்.

"முழிக்காம தூங்கவா சொல்ற ஐயா?"

"வாய் நீளுது. மொதல்ல நீ அடி."

சூடம் கொளுத்தப்பட்டது. செங்கேணி நீட்டிய கையைப் பாதியில் நிறுத்தினாள். அந்தக் கையை நம்பி வீட்டில் நான்கு வயிறுகள்...

நான் செய்த கொலைக்கு இவளா தூக்கில் தொங்குவது?

சுலோச்சனா தட்டைக் கீழே வைத்தாள். "அவளை வுடுங்க. நான்தான்..."

கிறீச்!

சைக்கிள் ஒன்று வாசலில் வந்து விழுந்தது. அதன்மேல் கன்னியப்பன்.

"ஐயா, போன்ல மாத்தி சொல்ட்டேன்."

"இன்னாத்த மாத்துன?"

"நெசத்த சொல்ல வாய் வர்ல ஐயா. ஐசக்குக்கு ஒண்ணு இல்ல... உங்களுக்குத்தான் ஒண்ணு. மீதி பூரா பூட்டு."

சுலோச்சனா கூட்டத்தைப் பார்த்தாள். ஒவ்வொரு முகத்திலும் அதே திகைப்பு. ஊர் முழுக்கக் குற்றவாளிகள். ஒவ்வொருவரும் தான் மட்டுமே என்று நினைத்துப் பயந்தவர்கள்!

ஐசக் பாதி கடித்த லட்டைத் தட்டிலேயே திரும்ப வைத்தான்.

"ஐயா," என்றாள் செங்கேணி, "ஐயங்கார்குளத்துக்கு பஸ் பத்தாது. லாரிதான் வெக்கணும்."

யாரோ களுக்கென்றார்கள். வீராசாமி முகம் வெளுத்தது. சட்டென்று மனைவி பக்கம் திரும்பினார். அவள் ஆரம்பித்த வாக்கியம் அவர் காதில் விழவேயில்லை. வழக்கம்போல.

"சுலோச்சனா, நீ வந்து அடி. அந்த ஒரு ஓட்டு நீ போட்டதுன்னு சொல்லு. வூட்டு மானமாவது மிஞ்சட்டும்."

அவர் குரலில் முதல்முறையாகக் கெஞ்சல் இருந்தது.

சூடம் எரிந்து பாதியாகியிருந்தது. அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"வேணாங்க," என்றாள் மெதுவாக.

"ஏன்?"

"கீறதே ஒண்ணு. அதையும் நான் எடுத்துக்கினா, நீங்களே உங்களுக்குப் போடலன்னு ஆயிடும்."