பிழைக்குள் பிழை

மென்பொருள் சோதனைகள் எல்லாம் பிழையின்றிப் பச்சையாக முடிந்த பிறகும் கணினிக்குள் யாரோ மூச்சு விடுவது நிற்கவில்லை. உள்ளே சுற்றும் விசிறிதான் என்று ஷாரோன் தனக்குச் சொல்லிக்கொண்டாள். பொத்தேரியில் மதியமே மழைக்கு இருட்டியிருந்தது. கீழே பரோட்டாக் கடையின் எண்ணெய் வாசனையும் கல்லூரிப் பிள்ளைகளின் கூச்சலும் மாடி அலுவலகம் வரை ஏறி வந்தன. அவற்றுக்கு நடுவே சூடான இரும்பின் வாசனை ஒன்று, எங்கிருந்து என்று தெரியாமல், மெல்ல அவள் மேஜையைச் சூழ்ந்தது.

மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலையின் தகடு அழுத்தும் மெஷினுக்கான மென்பொருள் அது. சாயங்கால ஷிப்டுக்கு முன்னால் ஏற்றியாக வேண்டும். மெஷின் நின்றால் 'மெஷின் நின்றது' என்று பிழை வரும். அந்தப் பிழைக்குள்தான் நின்ற காரணம் இன்னொரு பிழையாகப் பொதிந்திருக்கும்: 'உள்ளே கை' என்று. சோதனை மேல்பிழையை மட்டும் பார்த்துப் பச்சை காட்டியது. உள்பிழை வழியில் தொலைந்தால், நின்ற மெஷினை யாரோ மறுபடி ஓட்டுவார்கள், கையோடு.

அங்கே வேலை செய்யும் எல்லப்பனை அவளுக்குத் தெரியும். போன வாரம் அவள் போனபோது தன் ஸ்டூலைத் துடைத்து உட்காரச் சொன்னவர்.

"இன்னா ஷாரோன், பச்ச வந்துச்சில்ல? அனுப்பு," என்றான் மேலாளர் நிதின்.

"உள்ள இன்னா கீதுன்னு பாக்கவே இல்லியே."

"கொரியர்காரன் பார்சலப் பிரிச்சுப் பாத்தா குடுக்கறான்? பேஜாரு பண்ணாத."

"இந்தப் பார்சல்ல ஆளு கீறாரு நிதின். பாக்காம அனுப்ப மாட்டேன். வேலைய விட்டுத் தூக்கறதுனா தூக்கிக்கோ."

மனத்துக்குள் ஒரு சின்ன ஜெபம் சொல்லிவிட்டு, உள்பிழைகளைக் கடைசிவரை பிரித்துக் காட்டும்படி சோதனையை மாற்றி எழுதினாள். இங்கே மெஷின் எதுவும் இணைக்கப்படவில்லை. சோதனைக்காக அவள் கொடுத்த பொய்ப் பிழைகள் அந்த இரண்டே இரண்டு.

ஓட்டினாள்.

மெஷின் நின்றது.

அதற்குள்: உள்ளே கை.

அதற்குள்: வலிக்குது.

ஷாரோன் திரைக்கு அருகே குனிந்தாள். அதை அவள் எழுதவில்லை.

அதற்குள்: யாரும் பாக்கல.

அதற்குள்: மறுபடி ஓட்டுனாங்க.

திரை தானாகவே கீழே உருண்டது. மறுபடி ஓட்டுனாங்க. மறுபடி ஓட்டுனாங்க. மூச்சுச் சத்தம் கூடியது. இரும்பு வாசனை நாக்கில் கசந்தது.

"ஏய்... மூடு அத," நிதின் பின்வாங்கினான். "மூடித் தொல!"

"மூடுனா உள்ள கீறவரு எங்க போவாரு?"

நிதின் செருப்பை விட்டுவிட்டுப் படியிறங்கி ஓடினான். விளக்கு அணைந்தது. திரை அணையவில்லை.

அவள் எழுந்திருக்கவில்லை.

"நான் பாக்கறேன்," என்றாள். "சொல்லுங்க."

எழுத்துகள் நின்றன. கண்ணாடிக்கு உட்புறம் ஒரு உள்ளங்கை வந்து ஒட்டியது. தகடாய் நசுங்கிய கை. காகிதம்போல் மெலிசு. விரல்கள் திரையின் நான்கு மூலைக்கும் பரந்திருந்தன.

ஷாரோன் வெளியிலிருந்து தன் கையை அதன்மேல் வைத்தாள்.

கண்ணாடி சூடாக இருந்தது. பிறகு மெத்தென்று ஆனது. விரல்கள் அவள் விரல்களைக் கோத்துக்கொண்டன. அவள் இழுக்கவில்லை. அந்தக் கை விலகி வழிவிட, பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் இன்னொன்று. ஆழம்வரை, வரிசையாக, நசுங்கிய கைகள், தங்கள் முறைக்காகக் காத்திருந்தன.

அவள் மற்ற கையையும் நீட்டினாள்.