செத்துப்போன மூன்று சார்ஜர்கள்

வியாழன் மாலை கரண்ட் வந்ததும் நைஜீரியாவின் பெனின் நகரத் தெருவே ஆரவாரித்தது. ஒசாரெட்டின் லேப்டாப்பைச் செருக ஓடினான். ஓடிய வேகத்தில் சார்ஜரின் கறுப்புப் பெட்டியை மிதித்து, வழுக்கி, அதன் மேலேயே உட்கார்ந்தான். அந்த அவமானத்தில் செருகாமலே படுத்துவிட்டான்.

வெள்ளி காலை செருகினால் பச்சை விளக்கு எரியவில்லை. கொலையாளி யாரென்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. தன் எடையை அவன் அறிவான்.

கனடா வேலைக்கான விண்ணப்பமும் சான்றிதழ்களும் லேப்டாப்புக்குள். திங்கள் கடைசி நாள். வேலை பார்த்த ஆலை மூடியதிலிருந்து அவனுக்கு எதுவும் உறைப்பதில்லை. எபா என்ற மரவள்ளிக் களியை உருட்டி விழுங்குவான், சூப் என்னவென்று கேட்டால் தெரியாது. "நான் போகட்டுமா?" என்று மனைவி இட்டோஹானிடம் பலமுறை கேட்டுவிட்டான். எப்போதும் ஒரே பதில்: "உங்க இஷ்டம், ஐவி அப்பா."

கடைக்குக் கிளம்பினான். சுவரில் செருகும் ஒயரைப் பஸ்ஸில் தொலைத்துவிடுவான் என்று அவள் பெட்டியை மட்டும் பையில் போட்டுக் கொடுத்தாள். கடைக்காரன் உசோண்டு நசுங்கியதைச் சோதிக்காமலே அதே மாதிரிப் பெட்டியொன்றை எடுத்து, தன் ஒயரில் மாட்டிக் காட்டினான். பச்சை. வீட்டில் மாட்டினால் இருட்டு.

சனிக்கிழமை அதைத் திருப்பிக் கொண்டுபோனான். கடையில் மறுபடி பச்சை.

"டூப்ளிகேட்டை என் தலையில கட்டிட்டே."

"ஓகா," என்றான் உசோண்டு, முதலாளி என்ற மரியாதையோடு. "இங்க சிரிக்குது, அங்க சாகுது. அதுக்கு உங்க வீடு பிடிக்கல போல."

எதிர்க்கடையில் இன்னொன்று வாங்கினான். அதுவும் வீட்டில் செத்தது. இந்த ஊரில் எது செத்தாலும் டூப்ளிகேட் என்பார்கள். அதற்குமேல் யாரும் பிரேதப் பரிசோதனை செய்வதில்லை.

ஞாயிறு மதியம். மூன்று பெட்டிகளையும் மேஜையில் கிடத்தி உட்கார்ந்தான். மின்விசிறி சுற்றியது, வீட்டுக் கரண்டில் குற்றமில்லை. கடையில் உயிரோடிருந்தது இங்கே எப்படிச் சாகும்? மூன்றையும் இங்கே மாட்டியது ஒரே ஒயரில். அந்த ஒயர் மட்டும் ஒருநாளும் கடைக்குப் போகவில்லை.

அந்த ஊர்ப் பிளக் ஒவ்வொன்றுக்குள்ளும் விரல்நுனி அளவில் ஒரு ஃபியூஸ் இருக்கும். பிளக்கின் மூடியை நெம்பினான். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடம் காலி.

எரிந்த ஃபியூஸ் கருகி உள்ளேயே கிடக்கும். தானாக இறங்கிப் போகாது. மகள் ஐவிக்கு மூன்று வயது. அவள் விரலுக்கு இந்த மூடி அசையாது.

இட்டோஹான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வியாழக்கிழமை நான் தூங்கினப்புறம்தானே?"

"என்னது?"

"ஒயரை வீட்டுலயே வச்சுட்டுப் போகச் சொன்னது நீ ஒருத்திதான், இட்டோ."

அவள் கீரையைக் கீழே வைத்தாள். இடுப்புத் துணி முடிச்சை அவிழ்த்து, ஃபியூஸை எடுத்து மேஜையில் வைத்தாள். அவன் அதைப் பொருத்தி ஒவ்வொரு பெட்டியாக மாட்டினான். பச்சை, பச்சை. அவன் உட்கார்ந்து நசுக்கியதுகூடப் பச்சை. அவன் எடை நிரபராதி.

விண்ணப்பம் திரையில் விரிந்தது. அவன் அதைத் தொடவில்லை.

"நான் போகட்டுமா?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுத்து அவனைப் பார்த்தாள்.

"போகாதீங்க," என்றாள்.