புல்தரைக்கு அடியில்

"மிஸ், இங்க பக்கத்துல மாணிக்கக் குழி ஒண்டு ஈக்குதுதானே, அதப் பாக்க ஏலுமா?" என்று கேட்டாள் கொழும்பிலிருந்து வந்திருந்த ஸாஹிரா. காலைச் சாப்பாட்டுக்குப் போகிற வழியில் வரவேற்பு மேசையில் கையூன்றி நின்றிருந்தாள்.

துஷ்யந்திக்கு இப்படிப்பட்ட கேள்விகள் பழகியவை. பெல்மதுளையிலிருந்து ஓப்பநாயக்க போகும் பாதையை விட்டு விலகி, ரப்பர் தோட்டத்தின் ஓரமாக மேட்டில் நின்ற அந்தச் சின்ன ஹோட்டலில் அவளுடைய வேலையே அதுதான். அருவிக்கு எந்த வழியாக இறங்க வேண்டும், சிவனொளிபாத மலை எந்த வளைவில் நின்றால் முழுதாகத் தெரியும், கல் வாங்குவதென்றால் யாரை நம்பலாம் என்று வருகிறவர்களுக்குச் சொல்வாள்.

"கிட்டத்துல இல்லீங்க. பெல்மதுளைப் பக்கம் போனா பாக்கலாம். வேன் சொல்லட்டுமா?"

"அவ்வளவு தூரமா? எங்கட ரூமுக்குக் கீழயே கேக்குதே. சுபஹுத் தொழுகைக்கு எழும்பினா தண்ணி எறைக்கிற சத்தம். ஆம்புளையள் பாடுறதும் கேக்குது."

துஷ்யந்தி சிரித்துச் சமாளித்தாள். அந்த அறை கட்டடத்தின் பின்பக்கம் இருந்தது. அதன் ஜன்னலுக்கு வெளியே புல்தரை. அதற்கப்பால் ரப்பர் மரங்கள் இறங்கிப்போகும் சரிவு. வேறொன்றும் கிடையாது. அவள் வேலைக்குச் சேரும்போதே அந்தப் புல்தரை அங்கே இருந்தது. நல்ல வெயில் காலத்திலும் அதில் நடந்தால் உள்ளங்கால் நனையும்.

சண்டை நிறுத்தம் வந்து, வெள்ளைக்காரர்களும் கொழும்புக்காரர்களும் பயமில்லாமல் ஊர் சுற்றத் தொடங்கியிருந்த காலம் அது. அதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால், சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி இருந்த நாட்களில், அவளுடைய கணவன் கிருஷ்ணராஜ் காணாமல் போனான். மழைக்காலத்தில் ரப்பர் பால்வெட்டு இல்லாதபோது அவன் மாணிக்கக் குழி வேலைக்குப் போவான். அனுமதி இல்லாத குழி என்பதால் இடத்தை வீட்டில்கூடச் சொல்லக்கூடாது என்பது பேச்சு. ஒருநாள் போனவன் வரவில்லை. குழிக்கு ஆள் சேர்த்தவன், "அவன் அன்னைக்கே கணக்கு முடிச்சிட்டுப் போயிட்டானே" என்றான். பொலிஸில் இருந்தவர் அவளை ஏற இறங்கப் பார்த்து, "வடக்குப் பக்கம் போயிருப்பான்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். தோட்டத்து லயத்து வீட்டில் மாமியார் மீனாம்பாள் மட்டும், "பொட்ட எடுத்துடாத புள்ள. பொணத்தப் பாக்காம எதையும் எடுக்கக்கூடாது" என்றாள். துஷ்யந்தி இன்னும் பொட்டு வைத்துக்கொண்டுதான் வேலைக்கு வருகிறாள்.

அந்தக் கிழமை முழுவதும் மழை விடவில்லை. பின்பக்க அறைகளில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து முறையிட்டார்கள். தரைக்கு அடியில் யாரோ தட்டுகிறார்கள் என்றார் ஒருவர். குளியலறை வடிகாலில் மஞ்சளாகக் கலங்கல் தண்ணீர் ஏறி வருகிறது என்றார் இன்னொருவர். துஷ்யந்தி போய்ப் பார்த்தாள். கலங்கலின் மேல் நசுங்கிய கெக்கில்லத் தழை மிதந்தது. குழியின் சுவர் சரியாமலிருக்க மரச்சட்டங்களுக்குப் பின்னால் வைத்து அடைப்பார்களே, அந்தத் தழை. கிருஷ்ணராஜின் சட்டையில் எப்போதும் இருந்த வாசனை, பச்சைத் தழையும் களிமண்ணும் எரிந்த மெழுகுதிரியும் கலந்த வாசனை, அந்த வெள்ளை ஓடு பதித்த குளியலறையில் நின்றது.

அவள் மேனேஜர் புவாடிடம் போனாள்.

"பைப்புல காத்து அடைச்சிருக்கும் தங்கச்சி" என்றார் அவர்.

"சேர், ஹோட்டல் கட்ட முந்தி இந்த எடம் என்னவா இருந்துச்சு?"

"யாரோ கள்ளமாக் குழி வெட்டின காணியாம். முதலாளி வாங்கக்குள்ள மண் போட்டு மூடித்தான் கெடந்ததாம். ஏன் கேக்கிறீங்க?"

"சும்மாதான் சேர்" என்று சொல்லிவிட்டு அவள் மேசைக்குத் திரும்பினாள்.

மத்தியானத்துக்குள் ஸாஹிராவின் குடும்பமும் மற்றவர்களும் அறைகளைக் காலி செய்துவிட்டுப் போனார்கள். குழாய் வேலைக்காரனைக் கூட்டிவரப் புவாட் வேனை எடுத்துக்கொண்டு பெல்மதுளைக்குப் போனார். பாதையில் தண்ணீர் ஏறிவிட்டது, வடிந்ததும் வருகிறேன் என்று பிறகு தொலைபேசியில் சொன்னார். சமையலறை ஆட்களும் நேரத்தோடே வீட்டுக்குப் போய்விட்டார்கள். பொழுது சாய்கிற நேரத்தில் மின்சாரமும் நின்றது. மழை ஓட்டின் மேல் ஒரே சீராக இரைந்துகொண்டிருக்க, காலி அறைகளின் கதவுகள் காற்றில் மெல்ல முனகிக்கொண்டிருக்க, மேசையில் ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்துக்கொண்டு துஷ்யந்தி தனியாக உட்கார்ந்திருந்தாள்.

அப்போது பாட்டுக் கேட்டது.

குழி மண்ணைக் கழுவும்போது ஆண்கள் சேர்ந்து பாடும் சிங்களப் பாட்டு. நாலைந்து குரல்கள். இடையிடையே வாளி ஏதோ ஒன்றில் இடிபடும் ஓசை. பாட்டு சுவர்களில் இருந்து வரவில்லை, காலுக்கடியில் இருந்து வந்தது. அந்தக் குரல்களில் ஒன்று, சிங்களச் சொற்களைத் தோட்டத்துத் தமிழின் இழுப்போடு இழுத்துப் பாடியது.

ஓடிப்போயிருக்கலாம். கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் இத்தனை வருஷம் அவள் கேட்டுக்கொண்டிருந்த ஒரே கேள்விக்குப் பதில் அந்தத் தரைக்குக் கீழே இருந்தது. மெழுகுதிரியை எடுத்துக்கொண்டு பின்பக்க அறைக்குப் போனாள். கட்டிலை ஒட்டி மண்டியிட்டாள். குளிர்ந்த தரை ஓட்டில் காதை வைத்தாள்.

பாட்டு நின்றது.

"மேல யாரு?"

அவன்தான். சளி கட்டிய அதே தொண்டை.

"ஏங்க" என்றாள். "எங்கங்க போயிட்டீங்க?"

"எங்க போறது? இப்பதான எறங்குனோம். வாளிய அனுப்புங்க, தண்ணி ஏறுது."

"நான்தாங்க. துஷி."

கீழே தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும்.

"துஷியா?" என்றான் அவன், குழப்பத்தோடு. "துஷி இங்க என் பக்கத்துலதான இருக்கா."

பிறகு ஒரு பெண்குரல். மெல்லிய குரல். அவளுக்கு மிகவும் பழக்கமான குரல். அவளுடைய குரல்.

"பேசாதீங்க. மேல யாரும் இல்ல."

துஷ்யந்தி எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள். சுவர் ஈரம்.

ஜன்னலைப் பார்த்தாள்.

புல்தரை இல்லை. சரிவு இல்லை. மரங்கள் இல்லை. கண்ணாடியை ஒட்டிக் கெக்கில்லத் தழை. அதை அழுத்திப் பிடித்த மரச்சட்டங்கள். இடுக்குகளில் சிவந்த களிமண் பிதுங்கி, கண்ணாடியில் வழிந்தது.

மழைச் சத்தமும் இல்லை. எப்போது நின்றது?

நடைபாதை வழியாக ஓடினாள். முன்கதவு. திறந்தே கிடந்தது. வெளியே தழை. சட்டம். களிமண். கையால் தள்ளினாள். நகங்களுக்குள் மண் ஏறியது. மெழுகுதிரியின் சுடர் சுருங்கியது. நீலமானது. மூச்சு போதவில்லை.

அண்ணாந்து பார்த்தாள். கூரை இருந்த இடத்தில் ஈரச் சுவர்கள் மேலே மேலே போயின. வெகு உயரத்தில், கைக்குட்டை அளவுக்கு, சாம்பல் நிற வானம். அதன் விளிம்பில் சில தலைகள் குனிந்து பார்த்தன.

கத்தினாள். கிருஷ்ணராஜின் பெயரைச் சொல்லவில்லை. தன் பெயரைச் சொன்னாள். தான் இருப்பதாகச் சொன்னாள். தமிழில் சொன்னாள். சிங்களத்தில் சொன்னாள்.

தலைகள் அசையாமல் கேட்டன.

"கீழ ஒருத்தரும் இல்ல" என்று மேலிருந்து ஒருவன் சிங்களத்தில் சொன்னான், வேலை அலுத்தவனின் குரலில். "மூடுங்க."

முதல் கூடை கவிழ்ந்தது. அவள் திறந்த வாயோடு அண்ணாந்தபடியே நின்றாள். மண் விழுந்துகொண்டிருந்தது.