பாதங்களைச் சுற்றி ஒரு கோடு

காலை 11.40. சிற்பி தன் பட்டறையில், மாடல் நிற்கும் மேடைக்குக் கீழே குப்புறக் கிடந்தார். பின்மண்டையில் அடி. அவருடைய மரச்சுத்தியலே பக்கத்தில் கிடந்தது. சுவர் முழுக்க அவர் கரியால் வரைந்த உடல்கள்: குனிந்த முதுகு, மடங்கிய முழங்கால், ஒரு காலில் பாரம் போட்டு நிற்கும்போது மேலேறும் இடுப்பு.

அழகான படங்கள் என்று இன்ஸ்பெக்டருக்குத் தெரிந்தது. தெரிந்ததோடு சரி. கணவர் இறந்து ஒரு மாதம்தான் ஆகிறது. லீவு போடச் சொன்னவர்களிடம், "வீட்ல உட்கார்ந்து என்ன பண்ண?" என்று கேட்டுவிட்டு வேலைக்கு வந்துவிட்டார். அழுகையும் வரவில்லை, பசியும் எடுக்கவில்லை. பிணத்தைப் பார்த்தாலும் படத்தைப் பார்த்தாலும் அந்த அம்மாளுக்கு இப்போது ஒன்றுதான்.

"கேஸ் முடிஞ்ச மாதிரிதான் மேடம்," என்றார் ஏட்டு. அவருக்கு எந்த கேஸும் வாசலிலேயே முடிந்துவிடும். "மாடலா நிக்கிற பொண்ணுதான். வேற யாரும் இங்க இல்ல."

அந்தப் பெண் போர்வையைச் சுற்றிக்கொண்டு ஸ்டூலில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.

"கடைசியா என்ன பேசினார்?"

"கால் மரத்துப்போச்சுன்னு சொன்னேன் மேடம். போய்ப் படு, கூப்பிடுறேன்னார். பின்ரூம்ல அசந்துட்டேன். கத்துற சத்தம் கேட்டு எழுந்து வந்தா, வாசல்ல அவர் மகன் நிக்கிறார்."

"தூங்கினதுக்கு சாட்சி?"

"தூக்கத்துக்கு யாரு மேடம் சாட்சி சொல்லுவாங்க? வீட்ல கைக்குழந்தை இருக்கு. என்னைப் பிடிச்சு உள்ள போட்டா அது என்ன ஆகும்?"

மகனுக்கு நாற்பது வயதிருக்கும். மடிப்புக் கலையாத சட்டை, ஷூ.

"முதல்ல ஜன்னல் வழியா பார்த்தேன் மேடம். மேடைல நின்னபடியே அப்பாகிட்ட சண்டை போட்டுக்கிட்டு இருந்தா. நான் கிளம்புற வரைக்கும் கீழ இறங்கல. கடைக்குப் போயிட்டு வந்தா இப்படி."

"கிட்டப் போய்ப் பார்த்தீங்களா?"

"வாசல்லயே நின்னுட்டேன். உள்ள காலே வைக்கல."

"அப்பா வரையும்போது வந்து பார்ப்பீங்களா?"

"யாரையும் விடமாட்டார். என்னையும்தான்."

இன்ஸ்பெக்டர் பிணத்தின் அருகே உட்கார்ந்தார். வலது கை விரல்களில் கரி. இடது கை விரல்களில் வெள்ளை. மேடையில் இரண்டு பாதங்களைச் சுற்றி சாக்பீஸ் கோடு. ஒரு பாதத்தின் கோடு தெளிவாக இருந்தது. இன்னொன்று தேய்ந்து போயிருந்தது.

"இது என்னம்மா?"

"நான் ஓய்வுக்கு இறங்குறப்போ அவரே முட்டிபோட்டுக் காலைச் சுத்திக் கோடு போடுவார் மேடம். திரும்ப அதே இடத்துல நிக்கணும்ல. பாதம் கொஞ்சம் நகர்ந்தாலும் இடுப்பே மாறிடும்பார். சாயங்காலம் நான் துடைச்சிடுவேன். இன்னைக்கு வந்தப்போ மேடை சுத்தமா இருந்துச்சு."

இன்ஸ்பெக்டர் எழுந்து மகனிடம் போனார்.

"ஷூவைத் தூக்குங்க."

அடிப்பள்ளங்களில் வெள்ளைத் தூள் அப்பியிருந்தது.

"இவ இறங்கலன்னீங்க. ஓய்வுக்கு இறங்கினாத்தான் இந்தக் கோடு. சண்டை போட்டு இறங்கினவளுக்கு யாரு முட்டிபோட்டுக் கோடு போடுவா? போட்டது உங்க அப்பா, சாக்பீஸ் அவர் விரல்லயே இருக்கு. அது எப்பவும் மேடைல இருக்கிற கோடுன்னு நினைச்சுட்டீங்க. வேலை நடக்கும்போது உள்ள வராதவருக்கு எப்படித் தெரியும்? காலே வைக்காத உங்க ஷூவுக்கு இந்தத் தூள் எப்படி வந்துச்சு?"

ஏட்டு தொண்டையைக் கனைத்துக்கொண்டார். மகன் தூக்கிய காலை மெல்லக் கீழே வைத்தான்.

"நீ வீட்டுக்குப் போம்மா. குழந்தை பசியில அழும்," என்றார் இன்ஸ்பெக்டர். அந்தப் பெண் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

"மேடைல எதுக்கு ஏறினீங்க?"

மகன் சுவரிலிருந்த படங்களைக் காட்டினான்.

"போறவன் வர்றவன் உடம்பையெல்லாம் மணிக்கணக்கா பார்த்துப் பார்த்து வரைஞ்சார் மேடம். என்னை ஒருநாளும் பார்த்ததில்ல. அவ நின்ன இடத்துல ஏறி நின்னேன். என்னையும் ஒரு தடவை வரைங்கப்பான்னேன்."

"என்ன சொன்னார்?"

"'இறங்கு, கோடு அழியுது'ன்னார். அவ்வளவுதான். நான் இறங்கினதும், அழிஞ்சதைத் திருப்பிப் போடக் குனிஞ்சார். சுத்தியல் அங்கதான் இருந்துச்சு."

ஒரு மாதமாக மரத்துக் கிடந்த இன்ஸ்பெக்டரின் மனத்தில் சுருக்கென்று வலித்தது. கைவிலங்கோடு வந்த ஏட்டைக் கையமர்த்திவிட்டு, இன்ஸ்பெக்டர் அவனைத் தலையிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்த்தார்.

அவன் நிமிர்ந்து, அசையாமல் நின்றான்.