எல்லாருக்கும் மனைவி ரோஸ்மேரி

ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டில் யாரும் சத்தம் போடக் கூடாது. அது அம்மா தூங்கும் நேரம். வாரம் முழுக்க ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் அம்மாவுக்கு அதைவிட்டால் ஒழுங்கான தூக்கமே கிடையாது. நானும் தம்பியும் அப்போது பூனை மாதிரித்தான் நடப்போம்.

அன்றைக்கு அம்மா படுக்கவில்லை. சுவரில் சாய்ந்து போனும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். கண் செருகிக்கொண்டே போனது.

"தூங்கலையாம்மா?"

"எங்கிட்டுத் தூங்க? சாயங்காலத்துக்குள்ள கம்பெனி பிளாக்ல எழுதிப் போடணும். போன ஞாயிறும் இப்படித்தான் போச்சு."

அம்மா பெயர் நாகஜோதி. பனியன் கம்பெனியில் டெய்லர். முதலாளி செந்தில்வேல் புதிதாகக் குழந்தைகள் பனியன் போட்டிருக்கிறார். அதை விற்க இணையத்தில் ஒரு பிளாக் தொடங்கினார். வேலை செய்கிறவர்களே எழுதினால் வாங்குகிறவர்கள் நம்புவார்களாம். அதனால் எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு கொடுத்து, ஞாயிறுதோறும் ஆளுக்கு ஒன்று எழுதச் சொல்லிவிட்டார்.

"அந்தோணிராஜ் அண்ணன் எழுதினதைப் பாத்து அப்படியே அடிச்சுக் குடுடி முத்துமாரி. எல்லாரும் அதைத்தான் செய்யிறாக."

நான் பிளாக்கைத் திறந்தேன். கட்டிங் மாஸ்டர் அந்தோணிராஜ் இப்படி எழுதியிருந்தார்: 'எங்கள் பனியன் மிகவும் தரமானது. சாயம் போகாது. என் மனைவி ரோஸ்மேரிக்கும் இதுதான் பிடிக்கும்.'

அடுத்தது வாட்ச்மேன் மூக்கையா. அதே வரிகள். அவர் மனைவியும் ரோஸ்மேரி. அதற்கடுத்து செக்கிங் நிர்மலா அக்கா. அவருக்கும் ரோஸ்மேரி என்று ஒரு மனைவி.

"அம்மா, போன வாரம் நீ போட்டதுலயும் உன் மனைவி ரோஸ்மேரின்னு இருக்கு."

அம்மாவுக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. "இருந்துட்டுப் போறா. அவளாச்சும் வந்து சோறு வடிக்கட்டும்" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் தலை சாய்ந்துவிட்டது.

எனக்குப் பாவமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது. அதையே திரும்ப அடிக்க மனசு வரவில்லை. எனக்குத் தெரிந்ததை எழுதினேன்.

'நான் நாகஜோதியின் மகள். அம்மா தூங்குகிறாள், அதனால் நான் எழுதுகிறேன். இந்தப் பனியனை என் தம்பி தினமும் போடுகிறான். மண்ணில் புரண்டாலும் தையல் விடவில்லை, ஏனென்றால் அம்மா நன்றாகத் தைப்பாள். ஆனால் கழுத்து லேபிள் குத்தும். அம்மா அதை வெட்டிவிட்டுத்தான் அவனுக்குப் போட்டுவிடுவாள். எங்களுக்கு ரோஸ்மேரி என்று யாரும் இல்லை.'

பிளாக்கில் போட்டுவிட்டேன்.

பொழுது சாயும்போது அம்மா எழுந்து படித்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"லேபிள் குத்தும்னா எழுதுன? விக்கிறதுக்குத்தானடி பிளாக்கே வச்சிருக்காக. அழி மொதல்ல."

அழிக்கப் போனேன். அதற்குள் போன் அடித்தது. முதலாளிதான். "காலைல வந்ததும் ஆபீசுக்கு வாங்க நாகஜோதி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

"வேலை போச்சுன்னா ஊருக்குத்தான் மூட்டை கட்டணும்" என்றாள் அம்மா. அன்று இரவு அவள் புரண்டு புரண்டு படுத்தாள். தூங்கட்டும் என்று நினைத்துத்தான் செய்தேன். இருந்த தூக்கத்தையும் நானே கெடுத்துவிட்டேன்.

காலையில் பள்ளிச் சீருடையோடு நானும் கூடவே போனேன். அம்மா வேண்டாம் என்றாள். நான் கேட்கவில்லை.

முதலாளியின் கண்களும் சிவந்துதான் இருந்தன. மேசையில் ஆறிப்போன டீ.

"அத எழுதுனது நீதானா?"

"நான்தாங்க. அம்மாவுக்குத் தெரியாதுங்க."

"நெசமாலுமே லேபிள் குத்துதா கண்ணு?"

"ஆமாங்க. வேணும்னா நீங்களே வச்சுப் பாருங்க."

அவர் மேசையில் கிடந்த ஒரு குட்டிப் பனியனை எடுத்தார். லேபிளைத் தன் கழுத்தில் தேய்த்தார். முகத்தைச் சுளித்தார்.

"குத்தத்தான் குத்துது" என்றபடி போனைக் காட்டினார். "பிளாக் ஆரம்பிச்சதுல இருந்து ஒருத்தரும் ஒரு வார்த்தை எழுதுனதில்லீங்க. நேத்துத்தான் குன்னத்தூர்ல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்குது, லேபிள் இல்லாம கெடைக்குமான்னு. அதப் பாத்துப் பின்னாலயே இன்னும் சிலபேரு. இனி லேபிளத் தைக்காம துணியிலயே பிரிண்ட் போட்டுரலாமுங்க."

அம்மா பெருமூச்சு விட்டாள்.

"இனிமேட்டு வாராவாரம் நீயே எழுதிக் குடுத்துரு கண்ணு" என்றார் முதலாளி.

அம்மா என்னைப் பெருமையாகப் பார்த்தாள். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் நிர்மலா அக்கா வீட்டில் எழுதித்தர யார் இருக்கிறார்கள்?

"நான் எழுதினா அம்மா மட்டும்தாங்க தூங்குவாங்க. பிளாக் எழுதறதும் கம்பெனி வேலைதானுங்களே? வேலை நேரத்துலயே எழுத விடலாமுங்களே."

அம்மா என் கையைக் கிள்ளினாள். முதலாளி கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

"நானும் ஞாயித்துக்கெழமைன்னா தூங்காம இதத்தான் படிச்சுட்டு இருக்கறன். யாரு அந்த ரோஸ்மேரின்னே தெரியல" என்றார். "சரி. சனிக்கெழம டீக்கு அப்புறம் மிஷினை நிறுத்திட்டு எழுதட்டும். அதுவும் சொல்றதுக்கு விஷயம் இருக்கறவங்க மட்டும்."

அடுத்த ஞாயிறு மதியம் பிளாக்கைத் திறந்தேன். புதிதாக ஒரே ஒரு பதிவுதான் இருந்தது. அந்தோணிராஜ் மாமா எழுதியது.

'என் மனைவி ரோஸ்மேரி இந்தப் பனியனைப் பார்த்ததே இல்லை. இது சின்னக் குழந்தைகளுக்கானது. அவளுக்குக் கை நுழையாது. இப்போது அவளும் பிளாக்கைப் படித்துவிட்டாள். இன்னும் எத்தனை பேருக்கு நான் மனைவி என்று கேட்கிறாள்.'

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அம்மாவிடம் படித்துக் காட்டத் திரும்பினேன்.

அம்மா தம்பியைக் கட்டிக்கொண்டு, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

நான் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினேன். கதவைச் சாத்திவிட்டு, தெருக்குழாய் பக்கம் போய் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு வந்தேன்.